எல்லை: பூஜ்யம்

மார்ச் 3, திங்கள்

இல்லை, நான் எழுதிய கம்ப்யூட்டர் கோடில் தப்பில்லை. ஆனால் மருந்துக் கிடங்கில் கணினியைப் போடும்போதெல்லாம் தடுப்பூசிக் குளிர்பெட்டி அலறுகிறது. உள்ளே நான்கு டிகிரி. எட்டைத் தாண்டினால்தான் அலற வேண்டும். அந்தப் பெட்டியைக் கவனிக்கும் நிரல் பகுதியை, அதாவது கிளாஸை, எழுதியது நான். ஆகவே அலறலும் என் பெயரில். சோதனைக் காலம் முடியப் பதினோரு நாள். பிறகு நிரந்தரம், அல்லது வாசல்.

மார்ச் 4

டீம் லீடர்: "உன் கிளாஸ்தானேம்மா கத்துது? என்னோடது எட்டு வருஷமா கம்முனு இருக்கு."

யாரும் திறந்து பார்க்காதது கம்மென்றுதான் இருக்கும்.

மார்ச் 6

பிடித்துவிட்டேன்.

லீடருடைய 'கருவி' தாய் கிளாஸ். என் 'குளிர்பெட்டி' அதன் சேய்; தாயிடம் உள்ளதெல்லாம் சேய்க்கும் வரும். தாயிடம் 'சோதி' என்றொரு செயல் உண்டு. சேயில் அதை என் விதமாக மாற்றி எழுதினேன். தாயின் வரியிலிருந்து கூப்பிட்டாலும் ஓடுவது சேயின் சோதிதான். இயங்கும் நேரத்தில் உண்மையில் நிற்பது யார் என்று பார்த்தே அது முடிவாகிறது. கல்லூரியில் இதை அழகு என்றார்கள்.

லீடரோ, கருவி உருவாகும்போதே சோதியைக் கூப்பிடுகிறார். தாய்ப் பகுதி உருவான பிறகுதான் என் எல்லை எட்டு என்று பதியும். அதற்குள் என் சோதி ஓடுகிறது. எல்லை இன்னும் பூஜ்யம். நான்கு அதைவிட அதிகம். அலறல்.

பிறந்து முடியுமுன்னே பரீட்சை. எனக்குப் பழக்கம்தான்.

மார்ச் 7

லீடரிடம் சொன்னேன்.

"தாய் கிளாஸ்ல கை வைக்காத. நாப்பது கிளாஸ் அதை நம்பி இருக்கு. உன்னோடதுல கத்தாம இருக்க ஒரு இஃப் கண்டிஷன் போட்டு மூடு."

அந்த நாற்பதும் ஏன் அலறவில்லை? ஒன்றுகூட சோதியை மாற்றி எழுதவில்லை. நல்ல பிள்ளைகள்.

மார்ச் 10

அம்மா போனில்: "உனக்கு ஏண்டி வம்பு? தப்புன்னு ஒத்துக்கிட்டா வேலை போகாதுல்ல?"

போகாது. வேறு எது போகும் என்று அம்மா கேட்கவில்லை.

மார்ச் 12

கிடங்கு மேலாளருடன் கூட்டம். "என்ன சார் ஆச்சு?" என்று லீடரைக் கேட்டார். லீடர் என் பக்கம் திரும்பி, "நீயே சொல்லும்மா."

நான் படிக்க வேண்டியதைக் காலையிலேயே தாளில் தந்திருந்தார்: 'இளநிலை ஊழியரின் கவனக்குறைவு.' தாளைக் கவிழ்த்து வைத்தேன். கூப்பிட்டது அவரை — ஓடியது என் விதம். நான்கு நிமிடத்தில் எல்லாவற்றையும் விளக்கினேன்.

மேலாளர்: "அப்போ பெட்டி ரெடியான பிறகு செக் பண்ணா போதும். இதுக்கா சார் ரெண்டு வாரம்?"

லீடர் தண்ணீர் குடித்தார். டம்ளர் காலி.

மார்ச் 13

தாயிலிருந்து சோதியைக் கூப்பிடும் அந்த வரியை லீடரே எடுத்துவிட்டார். மாற்றக் குறிப்பில் அவர் எழுதிய காரணம்: 'செயல்திறன் மேம்பாடு.'

மார்ச் 14

பெட்டி அலறவில்லை.

எனக்குக் கடிதம்: 'அணியோடு ஒத்துப்போகும் தன்மை போதாது.'

என் கோப்பையைக் கழுவித் துடைத்துப் பைக்குள் வைத்தேன்.