வண்டு தொடாத பூ

புத்தூர்,
14.08.2025

அன்பின் வினோஜாவின் அப்பாவுக்கு,

உதயகலா எழுதுவது. நானும் பிள்ளையும் சுகம். பாரிசில் நீங்களும் ஒரு குறையுமில்லாமல் இருக்க வேண்டும். போனில் கதைக்கலாமே என்பீர்கள். நாங்கள் கதைக்கும் நேரமெல்லாம் உங்கள் மீனாம்பிகை அக்கா பக்கத்தில் இருக்கிறா. சொல்ல வந்தது அவவைப் பற்றித்தான். அதனால் லீவு முடிந்து பாரிசுக்குத் திரும்பும் துஷாந்தினி உங்களுக்குக் கொண்டுவரும் மிளகாய்த்தூள் பைக்குள் இதை வைத்துவிடுகிறேன்.

இங்கே சரியான வெயில். இரண்டு மணித்தியாலம் இறைத்தால் கிணறு வற்றிவிடுகிறது. போன வருடம் பாகல் பந்தல் பூத்துக் குலுங்கியும் பிஞ்செல்லாம் மஞ்சளாகிக் கொட்டியது ஞாபகம் இருக்கும். விவசாயப் போதனாசிரியர் நிவேதனா பார்த்துவிட்டு, தேனீ வராத பந்தலில் காய் எங்கிருந்து வரும் என்று என்னைப் பேசினா. பூச்சிமருந்து அடிப்பதைக் குறைத்து, அதிகம் தண்ணீர் கேட்காமல் வருசக்கணக்கில் நின்று பூக்கிற செடிகளை வேலியோரம் வைக்கச் சொன்னா.

மார்கழி மழையோடு ஆவரசும் துளசியும் பட்டிப்பூவும் நட்டேன். இந்த வெயிலுக்கும் அவை வாடவில்லை. ஆனி கடைசியில் தேனீ வந்தது, பிஞ்சும் நின்றது. பாகல் இரண்டு போகம் சரிவந்தால் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஊருக்கு வந்துவிடுவேன் என்று சித்திரையில் சொன்னீர்கள் அல்லவா? நான் ஒவ்வொரு பிஞ்சாகத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். அம்மாவுக்கு விசர் என்று வினோஜா சிரித்தாள்.

அப்போதுதான் அக்கா நாற்பத்தெட்டு நாள் நேர்த்தி வைத்தா. அம்மனுக்குத் தினமும் பூ. வண்டு தொட்ட பூ சாமிக்கு ஆகாது என்பது உங்களுக்குத் தெரியும். தேனீயும் வண்டுதானே. அதனால் விடியமுதல் பூக்கூடையோடு வந்து, வேலியோரப் பூவை ஒன்று மிஞ்சாமல் பறித்துக்கொண்டு போகிறா. வெளித்தபிறகு வரும் தேனீ சும்மா சுற்றிவிட்டுத் திரும்புகிறது. இப்போது அதுவும் வருவதில்லை. பிஞ்சு திரும்பவும் கொட்டுகிறது.

நேற்று மாலை வேலிப் படலையை யாரும் திறக்காதபடி கம்பியால் கட்டினேன். காலையில் அக்கா வெளியே நின்று, தம்பியின்ரை அகதிக் கேஸ் வெல்லத்தானே நான் இந்தப் பாடு படுறன், நீ ஏன் மறிக்கிறாய் என்று கேட்டா. கேஸ் வென்றால் உங்களுக்கு அங்கே விசா கிடைக்கும், பிறகு ஊர்ப்பக்கம் வர ஏலாதாம். பூவை மறித்து உங்களுக்கு ஏதும் ஆகிவிட்டால்? கொடுத்தால் பந்தல் காய்க்காது. விசா கிடைத்தால் தம்பி உன்னையும் பிள்ளையையும் அங்கே கூப்பிடுவான் என்று அக்கா சொல்கிறா. நீங்கள் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நான் எதை விரும்புகிறேன் என்றுகூடத் தெரியவில்லை.

கடைசியில் படலையைத் திறந்து நானே பறித்தும் கொடுத்தேன். ஆனால் பட்டிப்பூவில் கொஞ்சத்தை இலைகளுக்குள் மறைத்துவிட்டேன். அம்மனிடமே களவெடுத்ததுபோல் இருக்கிறது.

நேர்த்தி முடிய இன்னும் இருபத்தொன்பது நாள் கிடக்கிறது. அதற்குள் ஒரேயொரு வரி எழுதுங்கள். வருவீர்கள் என்றால் அக்கா என்ன பேசினாலும் படலையைத் திறக்க மாட்டேன். வரமாட்டீர்கள் என்றால் பூ முழுவதையும் நானே பறித்துக் கோயிலுக்குக் கொண்டுபோகிறேன்.

அம்மன் உங்களைக் காப்பாற்றட்டும். அதற்குமேல் அவளிடம் என்ன கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை.

இப்படிக்கு,
உங்கள் உதயகலா