சூளூர்பேட்டையில் தங்கி மெட்ராஸ் பார்த்த கதை

ஏங்க, உங்கள் பச்சைப் பையை இன்றைக்குப் பரணிலிருந்து இறக்கினேன். லீவுக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மெட்ராஸ் போகிறோம், நீயும் வந்தே ஆகவேண்டும் என்று நம் ரேவதி போனில் சொல்லிவிட்டாள். பையைத் தட்டி வெயிலில் போடலாமே என்று பக்கத்து ஜிப்பை இழுத்தேன். துருப்பிடித்துப்போய் வரமாட்டேன் என்றது. பல்லைக் கடித்துக்கொண்டு ஓர் இழு இழுத்ததும் குப்பென்று வாசனை. மல்லிகையும் இல்லை, சந்தனமும் இல்லை, லாட்ஜ் சோப்புக்கு மட்டும் வருமே, அந்த வாசனை. கையை விட்டால் பிஸ்கட் அளவுக்கு ஒரு குட்டி சோப்பு. சுற்றின காகிதத்தைக்கூடப் பிரிக்கவில்லை.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்ததெல்லாம் பிறகுதான் தெரியும்.

அந்தச் சோப்பு எனக்குத் தெரியும். யார் கையிலிருந்து வாங்கினீர்கள் என்பதும் தெரியும். அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டீர்கள் என்றல்லவா இத்தனை வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன்!

திருப்பதி பஸ் ஸ்டாண்டுப் பக்கத்து லாட்ஜில், ரிசப்ஷன் மேஜைக்குப் பின்னாலேயே உங்கள் வயசு கரைந்தது. இப்படிக் குட்டி சோப்புகள் நிறைந்த பெட்டி ஒன்று உங்கள் காலடியிலேயே இருக்கும். ரூம் எடுப்பவர்கள் கையில் சாவியோடு ஒன்று வைப்பீர்கள். விடிவதற்கு வெகு முன்னால் எழுந்து ஒவ்வொரு கதவாகத் தட்டி, "அம்மா, வெந்நீர் வருது, எழுந்திரிங்க, க்யூவுக்கு நேரமாவுது" என்று எழுப்பி மலைக்கு அனுப்புவீர்கள். ஊர் உலகமெல்லாம் உங்கள் கையால் சோப்பு வாங்கிக் குளித்தது. நம் வீட்டுக்கு ஒன்று வந்ததில்லை. ஒருநாள் வீட்டில் சோப்பு தீர்ந்துபோய், பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும் அவசரத்தில், "ஒண்ணே ஒண்ணு எடுத்துக்கினு வரக்கூடாதா?" என்று கேட்டேன். "கெஸ்ட்டுது. நமக்கு ஏது?" என்று சொல்லிவிட்டு வெறும் தண்ணீரில் முகம் கழுவிக்கொண்டு போனீர்கள். எனக்கு வந்த கோபத்துக்கு அன்றைக்கு ரசத்தில் உப்பே போடவில்லை. அதையும் முகம் சுளிக்காமல் குடித்துவிட்டுப் போனீர்கள்.

கட்டிக்கொண்ட நாளிலிருந்து நீங்கள் ஓரிடத்தில் விருந்தாளியாக உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. சித்தூரில் என் தம்பி கல்யாணம். மாப்பிள்ளைக்கு அக்கா புருஷன் நீங்கள், முதல் பந்தியில் உட்கார வேண்டியவர். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ரச வாளியோடு நிற்கிறீர்கள். எங்க அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். எனக்கு நகை ஆசை இல்லை, பட்டு ஆசை இல்லை. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, யாராவது உங்கள் கையில் சாவியைக் கொடுத்து "வாங்க, உட்காருங்க" என்று சொல்ல வேண்டும். நீங்கள் உட்கார வேண்டும். நான் கண்ணால் பார்க்க வேண்டும். அந்த ஆசைக்காகத்தான் மெட்ராஸ், மெட்ராஸ் என்று உங்கள் உயிரை வாங்கினேன். ரேவதி பத்தாவது பாஸானதும் உங்களால் தட்டிக்கழிக்க முடியவில்லை.

ஒத்துக்கொண்டவர் நேராக மெட்ராஸுக்குக் கூட்டிப்போனீர்களா என்றால் அதுதான் இல்லை. மெட்ராஸ் லோக்கல் வண்டி புறப்படுகிற சூளூர்பேட்டையில் ரூம் போட்டிருக்கிறேன் என்று வந்து நின்றீர்கள். ரேவதி தாம்தூம் என்று குதித்தாள்.

"நைனா, திருப்பதிலேந்து நேரா மெட்ராஸுக்கு வண்டி போவுது. நாம எதுக்கு காளஹஸ்தி, நாயுடுபேட்டைன்னு சுத்திக்கினு சூளூர்பேட்டைக்குப் போவணும்?"

"மலைக்கு வர்றவங்க எங்கம்மா தங்கறாங்க? கீழ தங்கி, குளிச்சி முழுவி, விடியறதுக்குள்ள மேல போறாங்க. பெரிய எடத்துக்கு அப்படித்தான் போவணும்."

"மெட்ராஸ் இன்னா சாமியா?"

"சாமியோ பூதமோ, ஜருகண்டி மாதிரி ஓடிப்போயி பாத்துட்டு ஓடி வர்றதுக்கு நான் வரல."

அந்த ஜருகண்டியை நான் எத்தனை தடவை உங்கள் வாயால் கேட்டிருக்கிறேன்! மலையிலிருந்து இறங்கி வருபவர்கள் சாவியைக் கொடுக்கும்போது உங்களிடம்தான் அழுவார்கள். அவ்வளவு தூரத்திலிருந்து வந்தோமே, சாமி முகத்தைப் பார்ப்பதற்குள் ஜருகண்டி, நகருங்கள் என்று அனுப்பிவிட்டார்களே என்பார்கள். அத்தனை கூட்டத்தில் அவர்களும் என்ன செய்வார்கள், கிடைத்த நொடி போதும்மா என்று தேற்றி அனுப்புவீர்கள். வீட்டுக்கு வந்து என்னிடம் மட்டும், "நின்னு பாக்கறதுக்குன்னு ஒரு எடம் இருக்கணும்டி" என்பீர்கள்.

சூளூர்பேட்டை லாட்ஜில் நடந்ததை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. மேஜைக்குப் பின்னால் கண்ணாடி போட்ட ஓர் அம்மா. நீங்கள் உள்ளே நுழைந்தீர்கள், நேராக நடந்தீர்கள், மேஜையைச் சுற்றிக்கொண்டு போய் அந்த அம்மா பக்கத்தில் நின்றுகொண்டு எங்களைப் பார்த்தீர்கள். "ஏமண்டி, கஸ்டமர் நீங்களா, நானா?" என்று அந்த அம்மா கேட்டதும்தான் சுய நினைவே வந்தது. நம் பையன் குமார் விழுந்து விழுந்து சிரித்தான். நீங்கள் அசடு வழிந்துகொண்டு இந்தப் பக்கம் வந்தீர்கள். அந்த அம்மா சாவியையும் ஒரு குட்டி சோப்பையும் உங்கள் கையில் வைத்தாள்.

"எனக்கா?" என்று கேட்டீர்கள்.

"உங்களுக்குத்தான். வேற யாருக்கு? போயி ரெஸ்ட் எடுங்க சார்."

எங்கே எடுத்தீர்கள் ரெஸ்ட்? ரூமுக்குள் போனதும் மெத்தையைத் தூக்கிப் பார்த்தீர்கள். சொட்டிக்கொண்டிருந்த குழாய்க்கு நூல் சுற்றினீர்கள். "ஏங்க, நாம கெஸ்ட்டு! கெஸ்ட்டு!" என்று நான் கத்தியதெல்லாம் செவிடன் காதில் ஊதின சங்குதான். விடியும் முன்னால் கதவை யாரோ தட்டுகிறார்கள். பதறி எழுந்து திறந்தால் நீங்களேதான், வெளியே நின்றுகொண்டு, "வெந்நீர் வருது, எழுந்திரிங்க" என்கிறீர்கள். கூடவே படுத்திருந்த மனுஷன், எழுந்து வெளியே போய் நின்று கதவைத் தட்டுகிறார்! குளித்து, நெற்றிக்கு இட்டு, புளிச்சோற்றையும் தயிர்ச்சோற்றையும் தூக்கிக்கொண்டு முதல் லோக்கல் வண்டியில் ஏறினோம்.

பொன்னேரியில் மீன் கூடையோடு ஓர் அம்மா ஏறி எதிரில் உட்கார்ந்தாள். எங்கள் நால்வரையும் சோற்றுத் தூக்கையும் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டாள்.

"பெரியாஸ்பத்திரிக்கா போறீங்க? யாருக்கு ஒடம்பு?"

"ஒடம்புக்கெல்லாம் ஒண்ணுமில்லம்மா. ஊரு பாக்கப் போறோம். முதல்ல மியூசியம்" என்று பெருமையாகச் சொன்னீர்கள்.

"இந்நேரத்துக்கா? மியூசியம் தூங்கிக்கினு இருக்குமே சாமி!"

பெட்டியே சிரித்தது. நீங்கள் அசையவில்லை. சீக்கிரம் போனால்தான் க்யூவில் முன்னால் நிற்கலாம் என்று அந்த அம்மாவுக்கே விளக்கம் சொன்னீர்கள். அவள் இறங்கும்போது என் தோளைத் தட்டி, "எல்லாம் பூட்டிக்கினு இருந்தா கடலுக்குப் போங்க. அதுக்குக் கதவும் இல்ல, பூட்டும் இல்ல" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

எழும்பூரில் மியூசியம் வாசலில் காக்கா குருவி இல்லை. இரும்புக் கேட்டுக்கு உள்ளே வாட்ச்மேன் பல் துலக்கிக்கொண்டிருந்தார். நீங்கள் கம்பி வழியாக, "சார், க்யூ எங்க ஆரம்பிக்குது?" என்று கேட்டீர்களே! அவர் வாயில் நுரையோடு உங்களையே பார்த்தார். துப்பிவிட்டு, "எதுக்கு க்யூ? பத்து மணிக்கு வாங்க" என்றார். தூக்கம் கெட்ட எரிச்சலில் ரேவதி அழ ஆரம்பித்தாள். "நான் அப்பவே சொன்னேன் இல்ல? நைனாவுக்கு எல்லாமே லாட்ஜுதான்!" உங்கள் முகம் அப்படியே விழுந்துவிட்டது. ஊரே உங்களை நம்பிப் போகிறது, வருகிறது. சொந்தப் பிள்ளையிடம் தோற்றுப்போன மாதிரி நின்றீர்கள். இப்போதே கூட்டிக்கொண்டு திரும்பிவிடுவீர்கள், இனி ஜன்மத்துக்கும் எங்கேயும் வரமாட்டீர்கள் என்று எனக்குத் தெரிந்துபோயிற்று. "வாங்க, கடலுக்குப் போலாம்" என்று நானே பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தேன்.

மியூசியத்துக்கு ரொம்ப முன்னால் வந்தவர்கள், சூரியன் வருவதைப் பார்க்க ரொம்ப லேட். வெயில் ஏறிவிட்டிருந்தது. இருந்தாலும் கடல் கடல்தானே! பிள்ளைகள் கோபத்தை மறந்து ஓடினார்கள். நீங்கள் என்ன செய்தீர்கள்? துண்டை விரித்தீர்கள். எல்லோருடைய செருப்பையும் வரிசையாக வைத்தீர்கள். பைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, "நீங்க போய்ட்டு வாங்க, நான் பையைப் பாத்துக்கறேன்" என்றீர்கள்.

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு ஆத்திரம் வந்ததோ! அந்தப் பச்சைப் பையைப் பிடுங்கி மணலில் போட்டு அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டேன். "இன்னிக்கு நான் பாத்துக்கறேன். நீங்க போறீங்க. போனாத்தான் ஆச்சு." சுண்டல் விற்றவர் திரும்பிப் பார்த்தார். பார்க்கட்டுமே!

தயங்கித் தயங்கிப் போனீர்கள். அலை வந்து கால் நனைந்ததும் ஓரடி பின்னால் வந்தீர்கள். பிறகு நின்றீர்கள். நின்றுகொண்டே இருந்தீர்கள். வேட்டி முழங்கால் வரை நனைந்தது. பிள்ளைகள் வந்து கையைப் பிடித்து இழுத்தும் நகரவில்லை. ரொம்ப நேரம் கழித்துத் திரும்பி, கையை வாயருகே வைத்து என்னைப் பார்த்துக் கத்தினீர்கள்.

"ஏய், இங்க யாரும் ஒண்ணும் சொல்லலடி!"

"இன்னா சொல்லணும்?"

"ஜருகண்டின்னு!"

சிரித்தீர்கள். நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன். அங்கேயிருந்து உங்களுக்குத் தெரிந்திருக்காது.

மியூசியம் திறந்திருக்கும், மூடியிருக்கும், நாம் போகவேயில்லை. அங்கேயே புளிச்சோறு தின்றுவிட்டு, பொழுது சாய்கிற வரைக்கும் கடலையே பார்த்துவிட்டு வண்டியேறினோம். திரும்புகிற லோக்கலில் என் தோள்மேல் சாய்ந்து வாய் பிளந்து தூங்கினீர்கள். சூளூர்பேட்டை வருகிற வரைக்கும் நான் தோளை அசைக்கவில்லை.

மறுநாள் ரூமைக் காலி செய்யும்போது பழையபடி ஆகிவிட்டீர்கள். போர்வையை மடித்தீர்கள், தலையணையைத் தட்டி வைத்தீர்கள். குளியலறையில் நாம் வீட்டிலிருந்து கொண்டுபோன சோப்புத்தான் தேய்ந்து கிடந்தது. "அந்த அம்மா குடுத்த சோப்பு எங்க?" என்றேன். "அது இருக்க வேண்டிய எடத்துல இருக்குது" என்றீர்கள். புரிந்துவிட்டது எனக்கு. மேஜையில் திருப்பிக் கொடுத்தாயிற்று! ஒரு சோப்பைக்கூடக் கெஸ்ட்டாக வாங்கிக்கொள்ளத் தெரியாத மனுஷன்! அதற்கப்புறம் நமக்குள் எந்தச் சண்டை வந்தாலும் கடைசியில் அந்தச் சோப்பில்தான் போய் முடியும். "குடுத்த சோப்பைத் திருப்பிக் குடுத்தவர்தானே நீங்க" என்பேன். ஒரு வார்த்தை மறுத்ததில்லை. ஒரு சிரிப்பு மட்டும் சிரிப்பீர்கள், அவ்வளவுதான்.

கடைசியில் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோதும் நர்ஸ் வருவதற்குள் போர்வையை மடித்து வைத்துவிட்டு, மூச்சு வாங்க உட்கார்ந்திருந்தீர்கள். "இங்கயாவது கெஸ்ட்டா இருங்களேன்" என்று அழுதேன். "அதான் ஒரு தடவை இருந்தாச்சே" என்றீர்கள். என்னைச் சமாதானப்படுத்தச் சொல்கிறீர்கள் என்று விட்டுவிட்டேன்.

அடப் பாவி மனுஷா! சொல்லியிருக்கக் கூடாதா? இத்தனை வருஷம் திட்டு வாங்கிக்கொண்டு, ஜிப்புக்குள் வைத்துப் பூட்டிவைத்திருந்தீர்களே!

ரேவதி மெட்ராஸுக்குள்ளேயே ரூம் போட்டுவிட்டாளாம். மத்தியானம் நான் போன் செய்து, "சூளூர்பேட்டையில கெடைக்குமா பாரு" என்றேன். "அம்மா, நீயுமா!" என்று சிரித்தாள். அப்புறம், "சரிம்மா, மாத்திடறேன்" என்றாள், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. கடலில் இந்தத் தடவை பையைப் பார்த்துக்கொள்கிற வேலை அவள் வீட்டுக்காரருக்கு. நான் தண்ணீரில்தான் நிற்பேன். உங்களுக்கும் சேர்த்து நிற்க வேண்டியிருக்கிறது. பிள்ளைகள் வந்து இழுக்கட்டும், நகரமாட்டேன்.

பையைத் துடைத்து வெயிலில் காயவைத்து எடுத்துவிட்டேன். இதைத்தான் கொண்டுபோகப் போகிறேன். வீட்டில் சோப்பு தீர்ந்துதான் கிடக்கிறது. இருந்தாலும் குட்டி சோப்பை ஒருமுறை மோந்து பார்த்துவிட்டு, அது இருந்த ஜிப்புக்குள்ளேயே வைத்து மூடினேன்.

கெஸ்ட்டுது. நமக்கு ஏது?