அட்டாலியில் இருந்த புத்தகங்கள்

அன்புள்ள உங்களுக்கு,

இல்லை, உங்கள் அம்மாவோடு சண்டை ஒன்றும் இல்லை. போனில் என் குரல் அப்படி இருந்ததற்குக் காரணம் 'ஸ்டோ' (stow) என்ற ஆங்கிலச் சொல்.

என் ஆய்வின் கடைசி இயல் அதைப் பற்றியது. மாத முடிவுக்குள் பீளமேட்டுக் கல்லூரியில் கொடுக்காவிட்டால் என் பதிவு ரத்தாகிவிடும். இன்று கப்பலில் சரக்கை அடுக்குவதற்கும், பொருளை எடுத்து உள்ளே வைப்பதற்கும் அந்தச் சொல். கொச்சையில், வாயை மூடச் சொல்வதற்கும். பழைய ஆங்கிலத்தில் அது வினையே அல்ல. இடம் என்று மட்டும் பொருள்.

இதை எழுத உட்கார்ந்தால், அலமாரி காலி.

"ஏனுங்க அத்தை, என் புத்தகமெல்லாம் எங்கீங்க?"

"அட்டாலில ஏத்திப்போட்டேன் கண்ணு, உன்ற சீர்ப் பாத்திரத்தோட. பொறந்த ஊட்டுல இருந்து வந்ததை யாராச்சும் பொளங்குவாங்களா? நாளைக்கு உன்ற புள்ளைக்கு வேணுமில்ல?"

"அது நான் படிக்கறதுங்க அத்தை."

"கண்ணாலமாயி ரெண்டு வருசமாச்சு, இன்னுமா படிச்சு முடிக்கல?"

ஏணி வைத்துப் பரணில் ஏறிப் பார்த்தேன். பெரிய அண்டாவுக்குள், ஒவ்வொன்றையும் பழைய வேட்டித் துணியில் சுற்றி, வேப்பிலை போட்டு வைத்திருந்தார். நான்கூட என் புத்தகங்களை இவ்வளவு மரியாதையாக வைத்ததில்லை.

நீங்கள் வந்ததும் கேட்டுக்கொண்டு இறக்கலாம் என்று முதலில் நினைத்தேன். இந்த இரண்டு வருடமாக எல்லாவற்றையும் அப்படித்தான் நினைத்தேன்.

பிறகு ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தேன். அத்தை கீழே நின்று வாங்கினார். சாயங்காலத்துக்குள் நான்கு பக்கம் எழுதினேன்.

அன்புடன்,
உங்கள் மனைவி