ஏழு மரக் காடு

அண்ணா,

போர்வைக்குள் டார்ச் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். பக்கத்து அறையில் அப்பா இருமினால் அணைத்துவிடுவேன். ஒசாகாவில் நீ நன்றாகத் தூங்கிக்கொண்டிருப்பாய்.

நீ ஓடிப்போனதிலிருந்து அவர் பேசவே இல்லை. இன்று சாப்பிடும்போதுதான் வாய் திறந்தார். "கண்காட்சிக்கு ஒரே தட்டுல ஏழு மரமா வச்சிருக்கற போன்சாய்க் காட்டுல அவன் பைன் எதுக்கு? நாளைக்குப் பிடுங்கிடறேன்."

"ஏங்க, ஒண்ணு போனா ஆறாயிடுமே?" என்றாள் அம்மா.

"காடுன்னா ஒற்றைப்படைதான். இவ மேப்பிளையும் எடுத்துட்டா அஞ்சு. லட்சணமா இருக்கும். மிசோ சூப் ஊத்து."

என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. நான் பிறந்த வருஷம் அவரே விதைத்த மரம் அது. ஓடியது நீ, பிடுங்கப்படுவது நானா? போகும்போது என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். உன்னை மன்னிக்கமாட்டேன்.

சற்று முன் போன்சாய்க் கொட்டகைக்குப் போய் இரண்டையும் நானே எடுத்துவிட்டேன். வேர்கள் பின்னிக் கிடந்தன. பிரித்தால் செத்துவிடும் என்று அப்படியே ஒரே தட்டில் நட்டு, காலிச் சட்டிகளுக்குப் பின்னால் ஒளித்திருக்கிறேன். ஒற்றைப்படையாக இல்லாவிட்டாலும் இரண்டு மரம் மட்டும் சேர்ந்து இருக்கலாம் என்று அவர்தான் சொல்லியிருக்கிறார். காலையில் அவர் கொட்டகைக்குள் நுழைந்ததும் தெரிந்துவிடும்.

என் மேப்பிளுக்குத் தினமும் தண்ணீர் வேண்டும். உன் பைன் ஈரத்திலேயே இருந்தால் அழுகிவிடும். இத்தனை வருஷமும் நீதான் ஊற்றினாய். எதற்கு எவ்வளவு, எந்தப் பக்கம் ஊற்றவேண்டும் என்று எழுது. பள்ளிக்கூட முகவரிக்கு அனுப்பு. மன்னிப்பெல்லாம் கேட்டு எழுதாதே, அதை மட்டும் எழுது.

கோபம் தீராத
உன் தங்கை