மால்டாவில் வலி, திருப்பதியில் டோக்கன்

சித்தூர்,
ஜூலை 9

அன்பு மகள் தேவசேனாவுக்கு நைனா எழுதுவது. நானும் உன் அம்மாவும் இங்கே சாப்பிட்டு, தூங்கி, சண்டை போட்டுக்கொண்டு சௌக்கியமாகவே இருக்கிறோம். நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்புகிறேன் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், நம்பிக்கை இல்லை, அதனால் எழுதவில்லை. முதலில் உன் நைனா திருப்பதியில் மானத்தை விட்டுவந்த கதையைக் கேள், மற்றவர் சொல்லி நீ சிரிப்பதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்.

பாகாலா கிரண்குமார் இந்த ஞாயிறு உங்கள் மால்டாவுக்கே வேலைக்குப் புறப்படுகிறான் இல்லையா, அவனிடம் உனக்கு மாத்திரை கொடுத்தனுப்பலாம் என்று நினைத்தேன். உன் பெயரில் டாக்டர் சீட்டு இருந்தால்தான் எடுத்துப் போவேன், ஏர்போர்ட்டில் பிடித்தால் யார் பதில் சொல்வது என்றான். சரி என்று செவ்வாய்க்கிழமை முதல் பஸ்ஸில் திருப்பதி போய் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் உன் பெயரிலேயே டோக்கன் வாங்கினேன். வலி உனக்கு, சீட்டு உனக்கு, வரிசையில் நிற்பது மட்டும் நான், இதில் என்ன தப்பு என்று பத்தாம் கிளாஸோடு நின்றுபோன என் மூளைக்குத் தோன்றவில்லை. நர்ஸம்மா வந்து, "தேவசேனா, வயசு இருபத்தாறு" என்று கூப்பிட்டாள், நான் மீசையோடு எழுந்து நின்றேன். வரிசையே சிரித்தது. பக்கத்திலிருந்த கிழவி, "ஏன்யா, பொண்ணு பேர வச்சிக்கினு இம்மாம் பெரிய மீசை இன்னாத்துக்கு?" என்று கேட்டுவிட்டாள். டாக்டர் மட்டும் சிரிக்கவில்லை. சாப்பிட்டால் வலது விலாவுக்குக் கீழே பிடிக்கிறது, முதுகுக்கு ஏறுகிறது, இரண்டு மாதமாக இப்படி என்று நீ போனில் சொன்னதை எல்லாம் ஒப்பித்தேன். "ஏமய்யா, உன் பொண்ணு மனுசியா, பார்சலா? ஆளைப் பாக்காம எப்படி மருந்து எழுதறது? பித்தப்பைல கல்லா இருக்கலாம், வேற எதாவும் இருக்கலாம், மொதல்ல ஸ்கேன் எடுக்கச் சொல்லு. ஜுரம் வந்தாலோ கண்ணு மஞ்சளானாலோ ஒருநாள்கூட தள்ளிப்போடக்கூடாது" என்று சொல்லி அனுப்பிவிட்டார். அவ்வளவு தூரம் போனவன் மலையடிவாரத்து அலிபிரியிலாவது ஒரு கற்பூரம் ஏற்றியிருக்கலாம், சாமியும் ஆளைக் கூட்டிவா என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று நேராக பஸ் ஏறிவிட்டேன்.

கோபம் உன்மேல் இல்லை, அந்தத் தீவின்மேல்தான், யோசித்துப் பார்த்தால் உன்மேலும் கொஞ்சம். சுற்றிலும் கடலை வைத்துக்கொண்டு குடிக்கிற தண்ணீரை பாட்டில் பாட்டிலாக விலைக்கு வாங்குகிறாய். ஒரே அறையில் நாலு பெண்கள், ஒரு கட்டிலுக்குக் கொடுக்கிற வாடகைக்கு நம் தெருவில் இரண்டு வீடு பிடிக்கலாம். பெர்மிட் புதுப்பித்து வரும்வரை அரசாங்க ஆஸ்பத்திரிக்கு உன் அட்டை செல்லாது என்று உன் ஹோட்டல் ஆபீசில் சொன்னார்களாம், வெளி டாக்டரிடம் போனால் வயிற்றில் கை வைக்கவே அறுபது யூரோவாம், ஸ்கேன் தனியாம். நாள் முழுக்க ஊரார் படுத்த விரிப்பைத் துவைத்து மடிக்கிறாய், நீ ஒருநாள் படுத்தால் சம்பளத்தில் பிடித்துக்கொள்கிறார்கள். இதற்குப் பேர் ஐரோப்பா என்று நான் தெருவெல்லாம் பெருமை பேசிவிட்டேன், வாயை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

என் பங்கும் இதில் இருக்கிறது. நீ போன நாள் முதல் எதைச் சொன்னாலும் யூரோவை நூறால் பெருக்கிவிடுவது என் வியாதி. காபி குடித்தேன் என்றாய், முன்னூறு ரூபாயா என்று அலறினேன். முடி வெட்டினேன் என்றாய், அந்தக் காசுக்கு இங்கே ஒரு பஸ் ஜனத்துக்கே மொட்டை போடலாம் என்றேன், எல்லோரும் சிரித்தோம். போன வாரம் நீயே, "அறுபது யூரோ நைனா, ஆறாயிரம், போயும் போயும் வயித்து வலிக்கா?" என்று கேட்டபோதுதான் எனக்குச் சுருக்கென்றது, அந்தக் கணக்கு வாத்தியார் நான்தானே. அங்கே இருக்கிற உடம்புக்கு அங்கே உள்ள விலையைத்தான் கொடுக்க வேண்டும் கண்ணு, இனிமேல் பெருக்காதே. எங்கள் மாங்கூழ் ஃபாக்டரியில் இப்போது சீசன், கேட்டிலிருந்து ரோடுவரை பெங்களூரா மாங்காய் டிராக்டர்கள் நிற்கின்றன. எத்தனை அவசரமானாலும் லோடுக்கு நாலு காய் அறுத்துப் பார்க்காமல் நான் உள்ளே விடுவதில்லை, வெளியே பளபளவென்று இருக்கும், கொட்டைக்குள் வண்டு இருக்கும். மாங்காய்க்கே அப்படி என்றால் உனக்கு எப்படி?

ஆகையால் இந்த மாதம் பணம் அனுப்பாதே, முதலில் ஸ்கேன் எடு. மீறி அனுப்பினால் திருப்பி அனுப்ப எனக்குத் தெரியாது என்று நினைக்காதே, பேங்கில் போய் உட்கார்ந்து கற்றுக்கொள்வேன். ஆபரேஷன் என்று சொன்னால் கிளம்பி வந்துவிடு, வேலை போனால் போகட்டும். இதையெல்லாம் போனில் ஆரம்பித்தால், "நெட்வொர்க் கட்டாவுது நைனா" என்று வைத்துவிடுகிறாய், அதனால்தான் காகிதம். இந்தக் காகிதத்தோடு கிரண்குமாரிடம் அனுப்ப அம்மா சீரகம் வறுத்துப் பொடி செய்து கொடுத்திருக்கிறாள், எண்ணெய்ப் பலகாரம் தொடக்கூடாதாம், வேளைக்குச் சாப்பிடணுமாம், அவள் பொடியையும் சாப்பிடு, டாக்டரிடமும் போ. கண் மஞ்சளாக இருக்கிறதா என்று தினமும் காலையில் கண்ணாடியில் பார்த்துக்கொள், மறக்காதே. ஏழுமலையான் துணையிருப்பான், நோய்நொடி விலகி நூறு வயது இரு.

ஒன்று மட்டும் இதுவரை வாய்விட்டுச் சொல்லவில்லை, உன் அம்மாவிடம்கூட. மே மாதம் முதல்முறை வலி என்று சொன்ன நீ, மறுநாளே, "போயிடுச்சி நைனா, சும்மா கேஸ்தான்" என்றாய், நானும் அப்பாடா என்றேன். அது பொய் என்று எனக்கு அப்போதே தெரியும், பேச்சுக்கு நடுவில் நீ மூச்சைப் பிடித்துக்கொண்டது கேட்டது. அந்த வாரம்தான் நம் வீட்டு மாடிக்குக் கான்கிரீட் போட மேஸ்திரி நாள் குறித்திருந்தார், உன் பணம் வந்தால்தான் வேலை நடக்கும். அதனால் நம்பிவிட்டேன்.

உன் நைனா,
உமாபதி