வாசலில் அறுத்த கிடா

சிறை, நான்காம் கூடம்
மார்ச் 4

அன்புள்ள ரித்வான் அண்ணனுக்கு,

அல்லாஹ் உங்களுக்குச் சுகத்தைத் தரட்டும். நான் சுஃப்யான். பந்தாட்டம் முடிந்த அன்று மீன் சந்தைக்குப் பின்னால் உங்களை அடித்த மூன்று பேரில் ஒருவன். பெல்ட் என்னுடையது.

நீங்கள் என்னை மன்னித்துவிட்டதாக வக்கீல் சொன்னார். என் உம்மாவும் மாமாவும் உங்கள் வாசலில் கிடா அறுத்ததையும், சமாதானச் சீராகக் கொண்டுபோன சர்க்கரைக் கூம்புகளை உங்கள் அண்ணன் மொஹ்சின் வாங்கி உள்ளே வைத்ததையும், மன்னிப்புப் பத்திரத்தில் நீங்கள் கைநாட்டு வைத்ததையும் கேட்டு அழுதுவிட்டேன். வாசலில் ரத்தம் விழுந்த பிறகு இல்லையென்று சொல்லும் வீடு நம் ஊரில் கிடையாதுதான். இருந்தாலும் உங்களுக்குப் பெரிய மனசு. பத்திரம் இருந்தால் ஒரு வருடத்தில் வந்துவிடலாமாம். இல்லாவிட்டால் நாலு வருடம்.

சத்தியமாக எனக்குத் தெரியாது அண்ணே. நீல ஜாக்கெட் போட்டிருந்தீர்கள், எதிரணி ஆள் என்று நினைத்தோம். "டேய், நில்லுடா!" என்று மூன்று தடவை கத்தினோம். நீங்கள் திரும்பவே இல்லை. திமிர் என்று நினைத்துவிட்டேன். காது கேட்காதவர் என்று தெரிந்திருந்தால் தொட்டிருப்பேனா?

கை எப்படி இருக்கிறது? சொல்லுங்கள்.

உங்கள் தம்பி போல,
சுஃப்யான்


மார்ச் 15

சுஃப்யானுக்கு,

நான் உன்னை மன்னிக்கவில்லை.

என் வாக்கியம் சின்னதாக இருக்கும். எழுத்து எனக்கு இரண்டாம் மொழி. முதல் மொழி கையில் இருக்கிறது. அதைத்தான் நீ மிதித்தாய். வலது கையில் மூன்று விரல் முறிந்தது, இடது கையில் இரண்டு. உன் நாக்கை அறுத்துப் போட்டுவிட்டு "எப்படி இருக்கிறாய், சொல்லு" என்று யாராவது கேட்டால் உனக்கு எப்படி இருக்கும்? இடது கைக் கட்டைப் போன வாரம் அவிழ்த்தார்கள். அந்தக் கையால் எழுதுகிறேன்.

பத்திரம் எனக்கு உன் கடிதத்தில்தான் தெரிந்தது. என் கட்டையும் பணத்தையும் காட்டி, ஆஸ்பத்திரிச் செலவுக்கான தாள் என்று மொஹ்சின் நம்பவைத்தான். கட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த கட்டைவிரலை மையில் அழுத்தித் தாளில் வைத்தான். எங்கள் வீட்டில் யாருக்கும் என் மொழி வராது. சாப்பிடு, தூங்கு, வா. இருபத்திரண்டு வருடமாக இந்த மூன்றுதான்.

கிடாவையும் சொல்கிறேன். அன்று காலை முழங்கையால் கதவைத் திறந்தேன். வாசலில் உன் மாமா. உன் முகம்தான் அவருக்கும். கையில் கத்தி. படியெல்லாம் ரத்தம். மிச்சத்தை முடிக்க வந்துவிட்டார்கள் என்று நினைத்தேன். மாடிக்கு ஓடினேன். இரண்டு கையிலும் கட்டோடு பக்கத்து மாடிக்குத் தாண்டினேன். விழுந்தேன். முன்பல் இரண்டு போனது. கீழே எல்லோரும் கட்டிப்பிடித்துத் தேநீர் குடித்தார்களாம். வீடு முழுக்க முதல் நாளே தெரிந்த விஷயம். எனக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை.

தெரியாது என்று எழுதியிருக்கிறாய். பொய். கீழே கிடந்தபோது காதைத் தொட்டுக் காட்டிக் கையை ஆட்டினேன். உயரமானவன் உன் சட்டையைப் பிடித்து இழுத்தான். நீ எதையோ சொல்லிச் சிரித்தாய். அதற்குப் பிறகுதான் உன் பூட்ஸ் என் கைமேல் வந்தது.

என்ன சொன்னாய்? அதை எழுது.

ரித்வான்


சிறை
மார்ச் 24

ரித்வான் அண்ணனுக்கு,

இரண்டு தடவை எழுதிக் கிழித்தேன். முதலில் கோபம் வந்தது. நீங்கள் பத்திரத்தை மறுக்கப்போவதாக வக்கீல் சொன்னார். "அந்தச் செவிட்டுப் பய வம்பு பண்றான். அண்ணங்காரன வச்சு அமுக்கிடலாம், நீ கவலப்படாதே" என்றார். உம்மா கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று, "கிடா அறுத்த வாசலையே மதிக்க மாட்டேங்கறானே, அவன் மனுஷனாடா?" என்று அழுதாள். நானும் ஆமாம் என்று தலையாட்டினேன்.

படுத்தால் நீங்கள் கேட்ட கேள்விதான் வருகிறது. எழுதிவிடுகிறேன்.

உயரமானவன் பத்ர். "டேய், இவன் செவிடன்டா. கையாலதான் பேசுவான். விட்ரு, பாவம்" என்றான்.

நான், "கையாலயா? அப்ப வாய மூடி விடறேன் பாரு" என்றேன்.

மிதித்தேன். பத்ர் இழுத்தான். நான் மறுபடி மிதித்தேன். எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது.

இதைப் போலீஸிடம் சொல்லவில்லை. பத்ரும் எனக்காகச் சொல்லவில்லை. இந்தத் தாள் நீதிபதி கைக்குப் போனால் என் கதை முடிந்தது, தெரியும். உம்மாவிடம் கொடுத்தனுப்புகிறேன். அவளுக்குப் படிக்க வராது.

இன்னமும் கேட்கிறேன், மன்னிக்க முடியுமா?

சுஃப்யான்


ஏப்ரல் 5

சுஃப்யான்,

உன் உம்மா கடிதத்தைக் கொடுத்துவிட்டு என் தோளில் முத்தமிட்டுப் போனாள்.

நேற்று கோர்ட்டில் கூண்டிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாய். என்னைக் கேட்க வேண்டியதை நீதிபதி மொஹ்சினிடம் கேட்டார். "மன்னிச்சுட்டான் ஐயா. நாந்தான் இவனுக்கு வாய்" என்று அவன் சொன்னதைக் காசாபிளாங்காவிலிருந்து வந்த மொழிபெயர்ப்புப் பெண் எனக்குக் கையில் காட்டினாள். அப்போதுதான் மேசையில் அடித்தேன். கட்டு பிளந்தது. காவலர்கள் என் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் முறுக்கினார்கள். உடைந்த விரலோடு. அவள் என்ன கத்தினாள் என்று பிறகு கேட்டேன். "கைய விடுங்கய்யா! அவரு பேசறாரு!"

விட்டார்கள். பேசினேன். மன்னிக்கவில்லை என்று அவள் மரியாதையாகச் சொல்லியிருப்பாள். நான் சொன்னது அவ்வளவு மரியாதையாக இல்லை.

உனக்கு மூன்றரை வருடம். எனக்குச் சந்தோஷம் ஒன்றும் வரவில்லை. வலது கையில் மறுபடி ஆணி போடவேண்டுமாம். மொஹ்சின் என்னோடு உட்கார்ந்து சாப்பிடுவதில்லை. "கிடா ரத்தத்த மிதிச்சுட்ட, நம்ம மானம் போச்சு" என்று ஒரு தாளில் எழுதிக் காட்டினான். அண்ணன் எனக்கு எழுதிய முதல் முழு வாக்கியம்.

இனி எழுதாதே. நானும் எழுதமாட்டேன்.

நேற்று முழுக்க உன் கடிதம் என் சட்டைப்பையில் இருந்தது. நீதிபதியிடம் நீட்டியிருக்கலாம். நீட்டவில்லை. கருணை என்று நினைத்துக்கொள்ளாதே. கிடாவை என் அண்ணனுக்காக அறுத்தார்கள். பத்திரத்தை நீதிபதிக்காக எழுதினார்கள். இந்த வழக்கில் நான் கேட்டு, எனக்கென்று வந்தது அந்தக் கடிதம் ஒன்றுதான். அதை யாரிடமும் கொடுப்பதாக இல்லை.

ரித்வான்