மாற்ற முடியாத டிக்கெட்

இன்று காலை என் மேசைக்கு எதிரே ஒரு அம்மா வந்து உட்கார்ந்தார். கையில் பேப்பர் கப்பில் கரக் சாய், பள்ளிக்கு எதிரே இருக்கும் கஃபட்டீரியாவில் வாங்கியது. அந்த ஏலக்காய் வாசனை அறைக்குள் வந்ததுமே எனக்கு உன் காரின் முன் சீட் ஞாபகம் வந்துவிட்டது. அவர் ஒரு தாளை என் பக்கம் தள்ளி, "மேடம், இதுல கையெழுத்துப் போட்டா அப்புறம் மாத்தவே முடியாதாமே, நிஜமா?" என்று கேட்டார். அக்டோபர் வந்தால் யாராவது ஒருவர் இதைக் கேட்கத்தான் செய்வார். இன்று நான், "கொஞ்சம் இருங்க, வந்துடறேன்" என்று எழுந்து போய், வாட்டர் கூலர் பக்கத்தில் சுவரைப் பார்த்து நின்று அழுதேன். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து அவருக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லி அனுப்பினேன். நீ போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. இன்னும் என்னைப் பள்ளிக்கூடத்தில் வைத்து அழ வைக்கிறாய், உனக்கே நியாயமா இது?

அல் ஐனில் ஒரே கட்டடத்தில் எதிரெதிர்க் கதவு நமக்கு. நீ டிராவல்ஸ் கவுண்டரில் டிக்கெட் போடுகிறவள். நான் உயிரியல் டீச்சர், கூடவே வெளிநாட்டுக் கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைகளுக்கு வழி சொல்லும் வேலையையும் என் தலையில் கட்டியிருந்தார்கள். நீ மதுரை, நான் திருச்சி. உனக்கு ஒரே மகள் ஹரிணி. எனக்குப் பிள்ளை இல்லை, அவள் பாதி நாள் என் வீட்டில்தான் சாப்பிட்டாள்.

முடிவெடுப்பது என்றால் உனக்குக் காய்ச்சல் வந்துவிடும். ஒரு பட்டுப்புடவைக்காக இங்கிருந்து பர் துபாய் வரை என்னை மூன்று வாரம் இழுத்தடித்தவள் நீ. மீனா பஜாரில் இருக்கிற கடையெல்லாம் ஏறி இறங்கி, கடைசியில் முதல் கடையில் முதலில் பார்த்த புடவையையே எடுத்தாய். அதையும் அடுத்த வாரம் மாற்றலாமா என்று கேட்டாய். உன் வீட்டு அலமாரிக்கு மேலே டி.வி. வந்த அட்டைப்பெட்டி எத்தனையோ வருஷமாக இருந்தது. ஊருக்குத் திரும்பிப் போகும்போது வேண்டுமாம். உங்கள் மூன்று பேருக்கும் நீ போடும் டிக்கெட் எப்போதும் மாற்றக்கூடிய டிக்கெட்தான். "அவருக்கு டூட்டி மாறும், லீவு மாறும், யாரு கண்டா?" என்பாய்.

அப்படிப்பட்ட நீ, ஹரிணி பன்னிரண்டாவது படித்த அந்த அக்டோபரில், என் அறைக்கு வந்து, "எர்லியிலயே போட்டுருடி. கையெழுத்து எங்கிட்டுப் போடணும்?" என்று கேட்டாய்.

நான் உன்னை உட்காரவைத்து மறுபடியும் விளக்கினேன். எர்லி டிசிஷன் என்றால் ஒரே ஒரு கல்லூரி. நவம்பரிலேயே விண்ணப்பம், டிசம்பரில் பதில். இடம் கிடைத்துவிட்டால் அங்கே சேருகிறேன் என்று பிள்ளையும் பெற்றவரும் பள்ளியும் முன்கூட்டியே கையெழுத்துப் போட்டுத் தரவேண்டும். ரெகுலர் என்றால் ஜனவரியில் பல இடங்களுக்குப் போடலாம், வசந்தத்தில் எல்லாப் பதில்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, மே மாதத்துக்குள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். ஹரிணி கெட்டிக்காரி, நாலு இடத்தில் கிடைக்கும், உதவித்தொகையையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம், அவசரம் வேண்டாம் என்றேன். அவளே ரெகுலர் போதும் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள். சென்னையும் மணிப்பாலும்கூட அவள் மனதில் இருந்தன. ஆனால் ஆசை என்னவோ அமெரிக்காவில் கடலோரத்தில் இருந்த ஒரு சின்னக் கல்லூரி மேல்தான். பாலைவனத்துக்கு நடுவில் வளர்ந்தவளுக்குக் கடல் உயிரியல் படிக்க வேண்டுமாம்.

"நீயா பேசற? சுடிதாருக்குப் பொத்தான் வாங்க நாலு கடை ஏறுவியே" என்று உன்னைக் கிண்டல் செய்தேன்.

"அது பொத்தானு. இது பிள்ளை" என்றாய். பிறகு சொன்னாய்: "நான் தெனமும் கவுண்டர்ல பார்க்குறேன்டி. மாத்திக்கலாம்னு டிக்கெட் எடுத்தவங்க, அது இதுன்னு சொல்லித் தள்ளிக்கிட்டே போவாங்க. மாத்த முடியாத டிக்கெட் எடுத்தவன் காய்ச்சலோடயாவது வந்து ஏறிருவான்."

பெரிய தத்துவம் பேசுகிறாள் என்று சிரித்தேன். நீ கையெழுத்துப் போட்டாய், உனக்குக் கீழே நானும் போட்டேன்.

டிசம்பரில் பதில் வந்த விடிகாலையில் ஹரிணி போட்ட சத்தத்தில் கட்டடமே எழுந்துவிட்டது. நான் நைட்டியோடு ஓடி வந்தேன். உன் வீட்டுக்காரர் அவளைத் தூக்கிச் சுற்றிக்கொண்டிருந்தார். நீ மட்டும் செருப்பு அலமாரிமேல் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டிருந்தாய். சந்தோஷத்தில் அழுகிறாய் என்றே நினைத்தேன்.

ஜனவரியில் ஒரு சாயங்காலம் என்னைக் காரில் கூட்டிக்கொண்டு போய் வழக்கமான கஃபட்டீரியா முன்னால் நிறுத்தி ஹாரன் அடித்தாய். இரண்டு கரக் வந்தது. நீ உன்னுடையதைக் குடிக்கவில்லை.

"எனக்கு வயித்துல கேன்சர்டி. முத்திப்போச்சாம். மருந்து குடுத்து கொஞ்சம் தள்ளிப்போடலாம், அவ்வளவுதான்னு டாக்டர் சொல்றாரு."

எப்போது தெரியும் என்று கேட்டேன். செப்டம்பரிலேயே தெரியும் என்றாய். உன் வீட்டுக்காரருக்கு மட்டும் சொல்லியிருந்தாயாம். நான் மாதங்களை மனதுக்குள் திருப்பிப் பார்த்தேன்.

"அப்ப தெரிஞ்சேவா கையெழுத்துப் போட்ட?"

"தெரிஞ்சதுனாலதான் போட்டேன்."

கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டே சொன்னாய். "ரெகுலர்னா ஏப்ரல், மேயில அவ முடிவு பண்ணணும். அப்ப நான் என்ன கோலத்துல கெடப்பேனோ. என்னையப் பார்த்துட்டு அவ அங்கிட்டுப் போவாளா? எனக்குக் கஞ்சி வச்சுக்கிட்டு இங்கிட்டே உக்காந்துருவா. நான் எங்கம்மாவுக்காக எம்.எஸ்சி.யை விட்டுட்டு உக்காந்தேன்ல, அது மாதிரி. அதான், முடிவு பண்ண வேண்டிய நேரம் வர்றதுக்குள்ள முடிவை முடிச்சுட்டேன். அவ உன்கிட்டதான் வந்து கேப்பா. மாத்த முடியாதுன்னு சொல்லிரு."

"யல்லா, போவோம், அவளுக்கு டியூஷன் முடிஞ்சுரும்" என்று வண்டியை எடுத்தாய்.

நம்மூர்க்காரர்கள் வீட்டில் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளை இருந்தால் பரீட்சை முடியும்வரை எதுவும் நடக்காது. தாத்தா செத்தாலும் பிள்ளைக்குக் கடைசிப் பேப்பர் எழுதிய பிறகுதான் தெரியும். நீயும் அப்படித்தான் செய்தாய். அவளிடம் அல்சர் என்று சொல்லி, மோர்ச்சாதமாகச் சாப்பிட்டு, தளர்ந்துபோன வளையலை நூல் சுற்றி இறுக்கிக்கொண்டு நடமாடினாய். எதிர்க்கதவில் இருந்துகொண்டு அதை நான் பார்த்தேன். அவள் என் வீட்டில் தோசை சாப்பிட்டபடி, "அம்மா ஏன் ஆன்ட்டி டயட்ல இருக்காங்க?" என்று கேட்டபோது சட்னி எடுக்க உள்ளே போய்விட்டேன்.

ஏப்ரலில் கடைசிப் பரீட்சை முடிந்த இரண்டாம் நாள் அவள் என் அறைக்கு வந்தாள். அழுது முடித்த முகம். கதவைச் சாத்திவிட்டு நின்றுகொண்டே கேட்டாள்.

"அம்மா சொல்லிட்டாங்க ஆன்ட்டி. சைன் பண்ணிட்டதால நான் போயே ஆகணுமாம். இஸ் தட் ட்ரூ? ப்ளீஸ், பொய் சொல்லாதீங்க."

மூன்று மாதமாக அந்தப் பொய்யை நான் ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். குளிக்கும்போதும் காய் நறுக்கும்போதும் அது நன்றாகவே வந்தது. அவள் எதிரில் வரவில்லை. "மாத்தலாம்மா" என்றேன். அந்தக் கையெழுத்து நம்பிக்கையின் பேரில் வாங்குவது, வீட்டில் இப்படி ஒன்று என்றால் எழுதிக் கேட்கலாம், யாரும் பிடித்து இழுத்துக்கொண்டு போகமாட்டார்கள் என்றேன். அவள் அங்கேயே உட்கார்ந்து மெயில் எழுதினாள். வரமாட்டேன் என்று எழுதவில்லை, ஒரு வருஷம் காத்திருக்க முடியுமா என்று கேட்டிருந்தாள். "உன் இடம் இருக்கும், அடுத்த ஆகஸ்டில் வா" என்று கல்லூரியிலிருந்து பதில் வந்தது.

அன்று நீ என் கதவைத் தட்டிய தட்டு இன்னும் காதில் இருக்கிறது.

"கெடுத்துட்டியேடி! உன்கிட்ட ஒன்னே ஒன்னு கேட்டேன்."

எனக்கும் கோபம் வந்துவிட்டது. "அவளைக் கேக்காம அவ அம்மாவை அவகிட்டேருந்து பறிக்க உனக்கு யாரு உரிமை கொடுத்தா?" என்று கத்தினேன். நோயாளியிடம் கத்துகிறோமே என்று அப்போது தோன்றவே இல்லை.

"எங்கம்மா மட்டும் என்னையப் போன்னு தள்ளியிருந்தா நான் போயிருப்பேன்டி. யாரும் தள்ளல" என்றாய். நீ உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாய். அதன் பிறகு உனக்கும் எனக்கும் பேச்சு ஹரிணி மூலமாகத்தான். "ஆன்ட்டிகிட்ட அந்த டப்பாவைக் குடுத்துரு" என்று எனக்குக் கேட்கும்படியே சொல்லுவாய்.

ஜூலையில் உன்னை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். உன் வீட்டுக்காரருக்கு ஷிப்ட் டூட்டி. அவளைக் கூட்டிக்கொண்டு போவதும் வருவதும் நான்தான். நான் அறைக்குள் அதிகம் வரமாட்டேன். வராந்தா நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன். உள்ளே நீங்கள் இருவரும் பேசிக்கொள்வது கேட்கும். அவள் உன் காலுக்கு எண்ணெய் தடவுவாள், நீ அவளுக்கு உன் அம்மாவைப் பற்றிச் சொல்வாய். ஒருநாள் இருவரும் எதற்கோ சிரித்தீர்கள். நர்ஸ் வந்து அடக்க வேண்டியதாயிற்று. எதற்குச் சிரித்தீர்கள் என்று நான் அவளிடம் கேட்டுக்கொள்ளவில்லை.

ஆகஸ்ட் கடைசியில் ஒரு பிற்பகல் அவள் உனக்கு நகம் வெட்டிவிட்டுக் கை கழுவப் போனாள். நீ கண்ணைத் திறந்து, வாசலில் நின்ற என்னைப் பார்த்தாய். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு நேராக என்னிடம் பேசினாய்.

"அங்கிட்டு இன்னைக்கு கிளாஸ் ஆரம்பிக்குது."

"தெரியும்" என்றேன்.

"நான் சொன்னதை நீ சொல்லியிருந்தா இவ இந்நேரம் கடலைப் பார்த்துக்கிட்டு இருப்பா."

"ஆமா."

"உன்மேல எனக்குக் கோபம் தீரலடி. தீரும்னு நெனைச்சுக்கிட்டு இருக்காத."

சரி என்றேன். வேறென்ன சொல்ல? வராந்தாவில் அவள் செருப்புச் சத்தம் கேட்டது. நீ அவசரமாகக் குரலைத் தாழ்த்திக்கொண்டாய்.

"நாளைக்கும் கூட்டிட்டு வந்துரு. கொஞ்சம் வெரசாவே வாங்க."

மறுநாள் வெரசாகவே வந்தோம். அதற்கடுத்த நாளும் வந்தோம். அந்த வாரம் முடிவதற்குள் நீ போய்விட்டாய். அவள் கை உன் கைக்குள்தான் இருந்தது.

இந்த ஆகஸ்டில் நானும் உன் வீட்டுக்காரரும் அவளை விமான நிலையத்தில் விட்டுவிட்டு வந்தோம். உள்ளே போவதற்கு முன்னால் என்னைத் தனியாக இழுத்து, "அம்மா உங்களை மன்னிச்சாங்களா ஆன்ட்டி?" என்று கேட்டாள். இல்லை என்றேன். அவளிடம் என்னால் பொய் சொல்ல வருவதில்லை. அவள் என்னைக் கட்டிக்கொண்டாள்.

பார்க்கிறவர்கள் எல்லாம், நீ மனதுக்குள் என்னை மன்னித்திருப்பாய் என்று ஆறுதல் சொல்கிறார்கள். எனக்கு அது வேண்டாம். நீ செய்தது தப்பு என்று இன்றும் உன்னிடம் வாதாடுவேன். நீயும் விட்டுக்கொடுக்கமாட்டாய். நீ தீர்த்துக்கொள்ளாமல் விட்டுப்போன அந்தக் கோபம் என்னிடம் அப்படியே இருக்கிறது. தினமும் அதற்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அது இருக்கிறவரை நீ எதிர்க்கதவுக்குப் பின்னால்தான் இருக்கிறாய், என்னோடு பேசாமல். கோபமாகவே இருடி.